கடல் கடந்த சித்திரங்கள்
உயிர்ச்சுவடு ஆராய்ச்சியும் எம் துறைமுகமும்

ஒரு பொருளைக் கண்டவர் ஒரு நாட்டில் இருக்கின்றார். அதனை இன்னதென்று அறியவல்லவர் வேறொரு நாட்டில் இருக்கின்றார். இடையே கடல் கிடக்கின்றது. பொருளோ, பாறையோடு பாறையாய் இறுகிப் பெயர்க்க முடியாதது. அல்லது எடுத்துச் செல்லுமுன் அழுகிவிடுவது. இந்நிலையில் கண்டவர் செய்யக்கூடியது யாது? மடல் ஒன்று எழுதலாம். அம்மடலோடு ஒரு சித்திரமும் வரைந்து அனுப்பலாம். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிவுலகம் இவ்வெளிய வழியையே பின்பற்றி வந்திருக்கின்றது.

எமது பாடநூல்களில் சித்திரங்களைக் காண்கின்றோம். அவை பாடத்தை அழகுபடுத்த வந்தவை என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றோம். ஆனால், விஞ்ஞான வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கின் வேறோர் உண்மை புலப்படும். பல வேளைகளில் சித்திரமே சாட்சியாக நின்றது; சித்திரமே வழக்கைத் தீர்த்தது. அவ்வரலாற்றை உயிர்ச்சுவடுகளில் தொடங்கி, எம் திருகோணமலைத் துறைமுகத்தின் கரைவரை கொண்டுவந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயிர்ச்சுவடு என்பது

பண்டை உயிர்களின் எலும்பு, ஓடு, இலை முதலியன சேற்றிலும் மணலிலும் புதையுண்டு, காலப்போக்கிற் கல்லாகியோ கல்லிலே தம் பதிவை விட்டோ நிற்பனவற்றை உயிர்ச்சுவடு என்பர். இது எமக்கு முற்றிலும் புதியதன்று. வைணவ இல்லங்களிலே பூசிக்கப்படும் சாளக்கிராமத்தை அறியாதார் யார்? இமயத்துக் கண்டகி ஆற்றிலே கிடைக்கும் அக்கருங்கற்களினுள்ளே காணப்படும் சக்கரம், அம்மோனைற்று என்னும் பண்டைக் கடலுயிரின் சுருண்ட ஓட்டின் பதிவு என்று புவிச்சரிதவியலார் கூறுவர். இமயமலை எழுவதற்கு முன் அங்கே கடல் இருந்ததென்பதற்கு அது சான்று. பக்தன் அதிலே திருமாலின் சக்கரத்தைக் காண்கின்றான்; ஆராய்ச்சியாளன் மறைந்துபோன கடலைக் காண்கின்றான். இருவரும் உற்று நோக்குபவர்களே.

காணாத விலங்கிற்குப் பெயரிட்டவர்

பிரான்சு தேசத்து அறிஞர் குவியே என்பவர் உயிர்ச்சுவடு ஆராய்ச்சியின் முன்னோடிகளுள் தலையாயவர். அவர் பாரிசு நகர நூதனசாலையில் இருந்தவாறே உலகமெங்குமுள்ள எலும்புகளை ஆராய்ந்தார். அஃது எவ்வாறு இயன்றது?

1780களின் இறுதியில் தென் அமெரிக்காவிலே, இன்றைய ஆர்ஜென்ரீனாவிலுள்ள லூகான் என்னும் இடத்திற்கு அருகில், யானையளவான ஒரு விலங்கின் எலும்புகள் அகப்பட்டன. அவை ஸ்பெயின் நாட்டு மட்ரிட் நகருக்குக் கப்பலேற்றப்பட்டன. அங்கே யுவான் பவுத்தீஸ்தா புரு என்பவர் அவ்வெலும்புகளைப் பொருத்தி நிறுத்தி, ஒவ்வொன்றையும் சித்திரமாக வரைந்தார். அச்சித்திரங்களின் அச்சுப் பிரதிகள் ஓர் அதிகாரியின் கைவழியே பாரிசுக்கு வந்து சேர்ந்தன. குவியே அவ்வெலும்புக்கூட்டைக் கண்ணாற் கண்டவரல்லர். எனினும் சித்திரத்தின் பல்லையும் நகத்தையும் பிற விலங்குகளோடு ஒப்பிட்டு, இது மரங்களிலே தொங்கும் சோம்பல் விலங்கின் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் இன்று உலகில் இல்லாத பெருவிலங்கு என்று முடிவு கூறி, 1796இல் அதற்கு மெகாதீரியம் எனப் பெயரிட்டார்.

அதே சித்திரம் மேலும் பயணஞ் செய்தது. ஐக்கிய அமெரிக்காவிலே தோமஸ் ஜெபர்சன் ஒரு குகையிற் கிடைத்த பெருநகங்களை வைத்துக்கொண்டு, இது சிங்கத்தினும் பெரிய கொடுவிலங்கு என்று எண்ணியிருந்தார். 1797ஆம் ஆண்டு மார்ச்சில் தம் கட்டுரையை அறிஞர் அவைக்குக் கொண்டுசெல்லும் வேளையில், சஞ்சிகை ஒன்றிலே மெகாதீரியத்தின் படத்தைக் கண்டார். நகங்கள் ஒத்திருந்தன. கட்டுரை உடனே திருத்தம் பெற்றது. மட்ரிட் நகரத்துக் கலைஞர் ஒருவரின் கை, பாரிசிலே ஒரு விலங்கிற்குப் பெயர் கொடுத்து, கடலுக்கு அப்பால் மற்றொரு விலங்கின் உறவையும் காட்டிக்கொடுத்தது.

இதன் பயனை நன்குணர்ந்த குவியே, 1800இல் உலகத்து அறிஞர்கட்கெல்லாம் ஒரு பொது வேண்டுகோள் விடுத்தார். உங்களிடமுள்ள எலும்புகளைத் தரவேண்டுவதில்லை. அவற்றின் செம்மையான சித்திரங்களைத் தந்தாற் போதும். பதிலுக்கு எம்மிடமுள்ளவற்றின் சித்திரங்களைத் தருவோம் என்பதே அதன் கருத்து. இவ்வாறு எலும்புகள் இருந்த இடத்தில் இருக்க, கடதாசியால் ஆன ஒரு நூதனசாலை பாரிசிலே உருவாயிற்று.

சித்திரத்தை நம்பலாமா?

சாட்சி என்றால் குறுக்கு விசாரணையும் உண்டல்லவா? சித்திரமும் அதற்கு விலக்கன்று.

ஜேர்மனியிலே வூர்ட்ஸ்பேர்க் நகரத்துப் பேராசிரியர் பேரிங்கர் என்பவர், தமக்குக் கிடைத்த வியத்தகு கற்களைச் செப்பமாகச் சித்திரந் தீட்டுவித்து 1726இல் நூலாக வெளியிட்டார். பின்னரே அக்கற்கள் அவரை ஏமாற்றுதற்குச் சிலர் செதுக்கி வைத்தவை என்பது வெளியாயிற்று. சித்திரம் பொய் சொல்லவில்லை. பொய்யான பொருளை உள்ளபடி காட்டிற்று. எனவே வரைவது மெய்யாக இருந்தால் மட்டும் போதாது. வரையப்படும் பொருளும் மெய்யாக இருத்தல் வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் றீஜிஸ் என்பது ஒரு சிறு கடற்கரை ஊர். அங்கே ஏழைத் தச்சர் ஒருவரின் மகளான மேரி அனிங், கடலோரக் குன்றுகளிலிருந்து உயிர்ச்சுவடுகளைப் பெயர்த்து விற்றுப் பிழைத்தவர். உயர்கல்வி பெற்றவரல்லர். 1823 டிசெம்பரிலே அவர் நீண்ட கழுத்துடைய கடற் பல்லியொன்றின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். டிசெம்பர் 26ஆந் தேதியிட்ட மடலிலே அதனைத் தம் கையாலேயே வரைந்து விவரித்தார். அதன் கழுத்தெலும்புகளின் தொகையைக் கேட்டுக் குவியேயே ஐயுற்றார். இரு வேறு விலங்குகளின் எலும்புகளை ஒட்டிவைத்திருக்கலாமோ என்பது அவர் ஐயம். ஏழைப் பெண்ணொருத்தியின் பிழைப்பும் நற்பெயரும் அவ்வையத்திலே தொங்கின. 1824 பெப்ரவரியில் லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்திலே அவ்விலங்கு பற்றிய கட்டுரை படிக்கப்பட்டது. பொருளும் சித்திரமும் ஒன்றுக்கொன்று சான்றாய் நின்றன. குவியே தம் ஐயம் பிழையென ஏற்றுக்கொண்டார். ஆயினும் அச்சங்கத்திலே பெண்களுக்கு அக்காலத்தில் இடமில்லை. கட்டுரை படித்தவர் கொனிபியர் என்னும் பாதிரியார். கண்டெடுத்தவரின் பெயர் அக்கட்டுரையிற் சொல்லப்படவில்லை.

வலம்புரியான இடம்புரி

இனித் தமிழ்நாட்டின் பக்கம் திரும்புவோம். திருச்சிராப்பள்ளி, அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய பகுதிகளில் பண்டைக் கடலின் படிவுகள் உள்ளன. அங்கே சேர்க்கப்பட்ட சிப்பிகளும் அம்மோனைற்றுகளும் லண்டனுக்குச் சென்றன. 1846இல் எட்வர்ட் போர்ப்ஸ் அவை பற்றிய அறிக்கையை வெளியிட்டார். பின்னர் எச். எப். பிளான்போர்ட் அப்பகுதியை அளந்து, பாறைத் தொகுதிகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என ஊர்ப்பெயர்களையே சூட்டினார். ஸ்டோலிக்ஸ்கா என்னும் அறிஞர் அவ்வுயிர்களையெல்லாம் ஆராய்ந்து, சித்திரத் தகடுகள் நிறைந்த பெருந்தொகுதிகளாக 1873 வரை வெளியிட்டார். அடுத்த ஆண்டில், இமயத்துக்கு அப்பாலான பயணமொன்றிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கிலே அவர் உயிர் நீத்தார். ஊட்டத்தூர் எங்கே இருக்கிறதென்று அறியாத ஐரோப்பிய அறிஞர், அத்தகடுகளைத் தம் மேசைமீது விரித்து, தம் நாட்டுப் பாறையிலுள்ள ஓடுகளோடு ஒப்பிட முடிந்தது. தமிழ்க் கிராமங்களின் பெயர்கள் புவிச்சரித நூல்களில் நிலைபெற்றன.

இவ்விடத்தில் ஒரு நுணுக்கத்தைக் கூறவேண்டும். அக்காலத்திற் சித்திரத்தை அச்சிடுவோர் மெழுகுக் கோலால் கல்லிலே வரைந்து, அதன்மேற் கடதாசியை வைத்து அழுத்துவர். கல்லிலே வலமாய் இருப்பது கடதாசியில் இடமாய் விழும். முத்திரை குத்துவோர் அனைவரும் இதனை அறிவர். ஆகவே கலைஞன் கல்லிலே வரையும்போதே இடம்வலம் மாற்றி வரையவேண்டும். மறந்தால் என்ன ஆகும்? சங்கை எடுத்துக்கொள்வோம். கடலில் மலிந்து கிடப்பது இடம்புரி. அருமையிற் கிடைப்பது வலம்புரி. மாற்றாமல் வரைந்த தகட்டிலே சாதாரண இடம்புரிச் சங்கும் வலம்புரியாகிவிடும்! இது வெறுங் கற்பனையன்று. ஒல்லாந்து தேசத்து ஓவிய மேதை றெம்பிராண்ட் 1650இல் செப்புத் தகட்டிலே செதுக்கிய கூம்புச் சங்கொன்று, அச்சிலே இயற்கைக்கு மாறாகத் திரும்பிச் சுருண்டு நிற்பதை இன்றும் காணலாம். அழகுக்கு அது குறையன்று; ஆராய்ச்சிக்கோ பெருங்குறை. சுழி திரும்பினால் அது வேறோர் இனமென்று தொலைவிலுள்ளவர் கருத இடமுண்டு. ஒரு கோட்டின் திசையிலே ஓர் உயிரின் அடையாளம் தங்கியிருக்கின்றது.

மீன் ஒன்றும் மடல் ஒன்றும்

மீன்பிடித் துறையில் வாழும் எமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று தென் ஆபிரிக்காவிலே நிகழ்ந்தது. ஈஸ்ட் லண்டன் என்னும் துறைமுகப் பட்டினத்தின் சிறிய நூதனசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர் மார்ஜரி கோட்னி லற்றிமர் என்னும் இளம்பெண். மீன்பிடிக் கப்பல்கள் கரைக்கு வரும்போது, புதுமையான மீன் ஏதும் உண்டோ என்று பார்த்து வருவது அவர் வழக்கம். 1938 டிசெம்பர் 22ஆந் தேதி, மீன் குவியலுக்குள்ளே நீலநிறமான ஒரு செட்டையைக் கண்டார். ஏறத்தாழ ஐந்தடி நீளமான மீன். செட்டைகளோ கைகால்கள் போன்று தடித்திருந்தன. வாடகைக் காரில் ஏற்றி நூதனசாலைக்குக் கொண்டுவந்தார்.

கோடைக்காலம், மீன் கெடத் தொடங்கிற்று. பிண அறையாரும் குளிர்ச்சேமிப்பு அறையாரும் அதனை ஏற்க மறுத்தனர். மறுநாள் அவர் மீனியல் வல்லுநர் ஜே. எல். பி. சிமித்துக்கு மடல் எழுதி, அதிலே மீனின் உருவத்தை வரைந்தனுப்பினார். மடல் 1939 ஜனவரி 3ஆந் தேதியே சிமித்தின் கையை எட்டிற்று. அதற்குள் மீனின் தோலை மட்டும் உரித்துப் பாடம்பண்ண வேண்டியதாயிற்று, உள்ளுறுப்புக்கள் போய்விட்டன. ஆனால் மடலிலே இருந்த சித்திரத்தைக் கண்டதும் சிமித்து திகைத்தார். செட்டைகளின் தடித்த அடியும், வாலின் நடுவே தனியாக நீண்ட சிறுவாலும், உயிர்ச்சுவடு நூல்களில் மட்டுமே அவர் கண்டிருந்த சீலகாந்து என்னும் பண்டை மீன் இனத்தைக் காட்டின. ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போயிற்று என்று எண்ணப்பட்ட இனம்! பெப்ரவரியில் நேரிலே சென்று கண்டு உறுதிசெய்து, அப்பெண்ணின் பெயராலேயே லற்றிமேரியா என அதற்குப் பெயரிட்டார்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது யாது? அச்சித்திரம் கலைச்செல்வமன்று, எளிய கோட்டுருவம். ஆனால் எந்த உறுப்பு விசித்திரமாயிற்றோ அந்த உறுப்பை அது விடாமற் காட்டிற்று. கல்லிலே பதிந்த சித்திரமும் கடதாசியிலே வரைந்த சித்திரமும் ஒரு மனிதரின் உள்ளத்திலே சந்தித்தன.

எம் துறைமுகத்தின் கதை

இனி எம் ஊருக்கு வருவோம். கோணமலையில் நின்று கீழே நோக்குவோர், செங்குத்தான பாறையையும் அதன் அடியிலே மோதும் கடலையும் காண்பர். இந்தப் பாறையிலே அம்மோனைற்றையோ சிப்பியையோ தேடினால் அகப்படாது. பெருவெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய மிகப் பழம் பாறைகள் எம் மாவட்டத்துப் பாறைகள். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லோ கடலுயிர்களின் எச்சத்தால் ஆனது. அவ்வகையில் வடக்குக்கு வாய்த்த பேறு எமக்கு வாய்க்கவில்லை.

ஆனால் எம் பாறை தராததை எம் கடல் தந்தது. அதுவும் எத்தகைய உயிர்? எலும்பில்லை, ஓடில்லை, உயிர்ச்சுவடாகும் தகுதியே ஏறக்குறைய இல்லாத உயிர். நத்தைக் குலத்தைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கையில் சிற்றோடு உடையது. வளர்ந்தபின் அதனையும் களைந்துவிடுவது. முதுகிலே பூவிதழ்போற் செவுள்கள் வெளியே விரிந்து நிற்றலின் அறிஞர் இதனை வெறுஞ்செவுளி எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் அழைப்பர். ஓடில்லாக் கடல்நத்தை என்று நாம் கூறலாம். செம்மை, மஞ்சள், நீலம், ஊதா எனக் கடலடியிலே நடமாடும் மலர் போன்றது. மதுசாரத்திலே இட்டுவைத்தாலோ சின்னாட்களில் நிறம் போய், உருவஞ் சுருங்கி, வெளுத்த தசைத்துண்டாகிவிடும். மலரை அனுப்பியவர் அனுப்பியது மலர். பெற்றவர் பெறுவது சருகு. இத்தகைய உயிருக்குச் சித்திரத்தை விட்டால் வேறு சாட்சி ஏது?

எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட் 1819இல் பிறந்த இலங்கையர், பறங்கியர் சமூகத்தவர், எடின்பரோவில் மருத்துவம் கற்றவர். 1852இல் இலங்கை விலங்குகள் பற்றி நூலொன்று வெளியிட்டார். முத்துக்குளிப்பினால் வரும் வருமானம் குன்றுவதைக் கண்ட அரசாங்கம், முத்துச்சிப்பியின் இயல்பை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. முத்துக்குளிப்பு நடந்தது மன்னார்க் குடாவிலே. கெலார்ட் 1850களின் பிற்பகுதியில் ஆராய்ச்சி நடத்தியது எம் திருகோணமலையிலே. தொட்டிகளிற் சிப்பிகளை உயிரோடு வைத்து, அவை பாறையைப் பற்றிநிற்கும் நூற்கற்றையை விட்டு நகரவும், புதிதாக நூற்றுப் பற்றிக்கொள்ளவும் வல்லன என்று கண்டார்.

அவ்வேலைக்கிடையே அவர் கண்களைக் கவர்ந்தவை எம் துறைமுகத்து ஓடில்லாக் கடல்நத்தைகள். அவற்றை விவரித்து றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலே 1858இலும், அடுத்த ஆண்டு இங்கிலாந்துச் சஞ்சிகையொன்றிலும் வெளியிட்டார், சித்திரங்களும் ஆக்கினார். ஆனால் அவருக்கு ஆயுள் போதவில்லை. 1860இல் இங்கிலாந்து செல்லும் வழியிலே கப்பலில் உயிர்நீத்தார்.

வடகிழக்கு இங்கிலாந்திலே நியூகாசில் நகரம் உள்ளது. ஜோசுவா ஓல்டர், அல்பனி ஹான்கொக் என்னும் இருவர் அங்கே வாழ்ந்தனர். தம் நாட்டுக் கடல்நத்தைகளைப் பற்றி 1845 தொடக்கம் 1855 வரை வண்ணச் சித்திரங்களோடு பெருநூல் வெளியிட்டவர்கள். இவ்வுயிர்கள் பற்றி எங்கே ஐயமெழுந்தாலும் அவர்களை நோக்குவதே வழக்கமாயிற்று. சென்னை அரசாங்க அதிகாரி வால்டர் எலியட், ஆந்திரக் கரையிலே வால்டேரில் சேர்த்த கடல்நத்தைகளை ஆராய்ந்து 1864இல் கட்டுரை எழுதியவர்களும் இவர்களே. கெலார்ட்டின் சித்திரங்களும் அந்த நியூகாசிலையே சென்றடைந்தன. ஹான்கொக் பெயரால் அமைந்த நூதனசாலையிலே, அவர்களின் சேகரிப்போடு அவையும் இருந்தன.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. வரைந்தவர் இல்லை, பெற்றவர்களும் இல்லை. 1906இலே வேறோர் எலியட் வந்தார். சர் சார்ல்ஸ் எலியட் என்னும் அவர் இராசதந்திரி. ஓய்விலே கடல்நத்தைகளை ஆராய்பவர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கடல்நத்தைகள் பற்றி லண்டன் விலங்கியற் சங்கத்தில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, கெலார்ட்டின் சித்திரங்களைச் சிறப்பாக நோக்கி எழுதியது என்று குறித்தார். எழுத்திலே கெலார்ட் கூறியது எந்த உயிரை என்னும் ஐயம் எழுந்தவிடத்து, சித்திரத்தை எடுத்துப் பார்த்து ஒப்பிடலாயிற்று. இறந்தவர் சார்பிலே அவர் சித்திரம் சாட்சி கூறிற்று. இந்த எலியட் வேறு யாருமல்லர். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றி 1921இல் மூன்று பெருந்தொகுதிகள் எழுதியவர் அவரே. எம் சமயத்தை ஆராய்ந்த கண்களே எம் துறைமுகத்தின் நத்தைகளையும் ஆராய்ந்தன என்பது எமது வாசகர்க்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

இதனால் விளைந்த பயன் யாது என்று முதியோர் கேட்கலாம். வெள்ளை உடலிலே கருவளையங்கள் கொண்ட ஒரு கடல்நத்தை உண்டு. கெலார்ட் 1859இல் அதனை விவரித்து, சாவீட்டுக்குரியது எனப் பொருள்படும் பியூனெப்ரிஸ் என்னும் பெயரிட்டார். இன்றும் உலகெங்கும் அதன் விஞ்ஞானப் பெயருக்குப் பின்னே கெலார்ட்டின் பெயரும் 1859 என்னும் ஆண்டும் எழுதப்படுகின்றன. 2000ஆம் ஆண்டிலே அதே இனத்திலிருந்து ஜோருமைசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். புற்றுக் கலங்களை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டெனக் கண்டனர். எந்த உயிரிலிருந்து எடுத்தது என்று ஐயமறக் கூறமுடியாவிடின் அக்கண்டுபிடிப்பைப் பிறர் மீண்டும் செய்துபார்க்க இயலாது. பெயர் செம்மையாக இருத்தற்கு விவரணம் வேண்டும். விவரணத்திற்குத் துணை சித்திரம். விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிக்கோவையும் இதற்கு இடமளிக்கின்றது. மூலமாதிரியாகச் சித்திரமொன்றைக் காட்டினால், அச்சித்திரத்திலுள்ள உயிரே மாதிரியெனக் கொள்ளப்படும். அவ்வுயிர் இன்று கிடைக்காமற் போனாலும் அதனால் மட்டும் அது தள்ளுபடியாகாது. அழிந்த உடலுக்குச் சித்திரம் நிற்கின்றது. ஓடுள்ள உயிர்க்குக் கல் எவ்வாறோ, ஓடில்லா உயிர்க்குக் கடதாசி அவ்வாறு என்று கூறுதல் மிகையாகாது.

பெயரில்லாக் கைகள்

விஞ்ஞானப் பெயரின் பின்னே விவரித்தவரின் பெயர் மட்டுமே வரும். வலையிலே அகப்பட்டதை எறிந்துவிடாமற் கொண்டுவந்து கொடுத்த மீனவர்க்கு அங்கே இடமில்லை. வரைந்தவருக்கும் பெரும்பாலும் இடமில்லை. ஆயினும் சில பெயர்கள் நிலைத்துள்ளன. றொபர்ட் வைற் என்னும் தாவரவியலாருக்குத் தென்னிந்தியச் செடிகளை வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இருவர். கோவிந்துவின் பெயரால் 1853இல் வைற் ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்குப் பெயரிட்டார். எமது நாட்டிலே பேராதனைப் பூங்காவிற் பணிபுரிந்த ஹர்மானிஸ் டி அல்விசும் அவர் மைந்தரும் செடிகொடிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வரைந்தனர். 1880 தொடக்கம் 1887 வரை லண்டனில் வெளிவந்த இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலின் சித்திரங்களுக்கு அக்குடும்பத்தாரின் கையே மூலம்.

இன்னுமோர் உண்மை எம் உள்ளத்தை உறுத்துவது. எம் துறைமுகத்தின் உயிர்கள் பற்றிய பழைய சித்திரங்கள் கடல் கடந்துபோயின. திருகோணமலைப் பிள்ளை ஒருவன் தன் வாசலிலே வாழ்ந்த உயிரின் முதற் சித்திரத்தைக் காண விரும்பினால், அவன் வெளிநாட்டை நோக்கவேண்டியவனாகின்றான். இதற்காக யாரையும் நோவதிற் பயனில்லை. காத்து வைத்தவர்க்கு நன்றி கூறுவதே முறை. ஆனால் இனிமேல் வரையப்படுவனவாவது எம் கரையிலே தங்கவேண்டாமா?

இளைஞர்க்கு ஒரு சொல்

மிஷன் பாடசாலையிலே விலங்கியல் படித்த எம்மில் பலருக்குத் தவளையும் கரப்பானும் வரைந்த செய்முறைக் கொப்பி நினைவிருக்கும். கூரான பென்சில், ஒரே கோடு, நிழல் தீட்டுதல் ஆகாது, உறுப்புக்குப் பெயர் குறி, அளவைக் குறி என்று ஆசிரியர் கண்டித்துக் கூறியதும் நினைவிருக்கும். பரீட்சை முடிந்ததும் அக்கொப்பியைப் பழைய கடதாசிக் கடைக்குக் கொடுத்துவிடுகின்றோம். அந்த விதிகள் பரீட்சைக்காகப் பிறந்தவையல்ல என்பதை இவ்வரலாறு எமக்குக் காட்டுகின்றது. தொலைவிலிருக்கும் ஒருவர், ஒருவேளை இன்னும் பிறவாத ஒருவர், எம் கண்ணாற் காண்பதற்காகப் பிறந்தவை அவை.

இன்று கையடக்கத் தொலைபேசியே புகைப்படம் எடுக்கின்றதே, பென்சில் எதற்கு என்று கேட்பாரும் உளர். புகைப்படம் வேண்டியதே, அதனை ஒருவரும் விலக்கவில்லை. ஆனால் புகைப்படம் எடுப்பவன் ஒரு கணம் நோக்குகின்றான். வரைபவன் ஒரு மணி நோக்குகின்றான். செவுள்கள் எத்தனை, கொம்பு எவ்விடத்தில், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று எண்ணிப் பாராமல் ஒரு கோடும் போட முடியாது. வரைதல் என்பது கண்ணுக்கு இடும் பயிற்சி.

எம் சங்கத்து இளைஞர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது; அங்கே உயிர்களைத் தொடவோ எடுக்கவோ ஆகாது. ஆனால் உட்துறைமுகக் கரையில் நீர் வற்றும்போது கற்களிடையே காண்பவற்றையும், கரைவலையில் ஏறிவந்து கழிக்கப்படுபவற்றையும் நோக்கத் தடையில்லை. சங்கத்தின் நூல்நிலையத்திலே தடித்த கொப்பி ஒன்று வைப்போம். கண்ட நாள், இடம், ஆழம், அளவு, உயிரோடிருக்கையில் நிறம், மீனவர் அதனை அழைக்கும் பெயர், கண்டெடுத்தவரின் பெயர் ஆகியவற்றைக் குறித்து, பக்கத்திலே சித்திரமும் வரைவோம். சித்திரம் அழகாயிராவிட்டாற் குற்றமில்லை. ஈஸ்ட் லண்டன் பெண்ணின் சித்திரமும் எளியதே. நிறம் மறந்துபோகுமுன் வரையவேண்டும், காணாததைச் சேர்க்கலாகாது, கண்டதை விடலாகாது. இவ்வளவே விதி.

எமது முதியோர்க்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கடலிலே முன்பு எவ்வகை மீன் பட்டது, எந்தக் கல்லடியில் எந்த உயிர் இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கொப்பியின் பக்கத்தை நிரப்பும் இளைஞனுக்கு அருகே அமர்ந்து, பெயர்களைச் சொல்லித் தாருங்கள். சித்திரத்தோடு அப்பெயர்களும் சேருமாயின், முற்காலத்து ஏடுகளில் விடுபட்ட ஓரிடம் எம் காலத்திலாவது நிரம்பும்.

மட்ரிட் கலைஞரும், லைம் றீஜிஸ் நங்கையும், எம் துறைமுகத்துக் கெலார்ட்டும் தம் கையிலிருந்த கோலால் ஒரு சாட்சியை எழுதிவைத்துப் போயினர். அவர்களது கண் மூடியபின்னும் அச்சாட்சி பேசுகின்றது. எம் கடலின் சார்பிலே நாளை பேசவேண்டிய சாட்சியை எழுதும் கடன் எம்மைச் சேர்ந்தது. கோல் எடுப்போமாக.